பொய்யுலகமும் மெய்ந்நகையும்

மெய்ப்பாடுகள் எட்டனையும் எண்ணப் புகுந்த தொல்காப்பியர் நகையையே முதலில் வைத்தார். அந்நகை பிறக்கும் நிலைக்களன்களை எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்காகவும் வகுத்தார். இவ்வளவு பெருமை பெற்ற சுவையை நாம் நூல்களில் காணும்போது மட்டும் ஏனோ இரண்டாம் பந்தியில் உட்கார வைக்கிறோம். நகையோடு மாயக் கற்பனையோ விஞ்ஞானக் கற்பனையோ சேர்ந்துவிட்டாலோ, பந்திக்கே அழைப்பதில்லை. ஆங்கிலம் பயிலும் நம் வீட்டுப் பிள்ளைகள் இத்தகைய நாவல்களைக் கையிலிருந்து வைக்காமல் படிக்கின்றனர். இல்லாத உலகத்தைப் பற்றிய சிரிப்புக் கதையால் என்ன பயன் என்று பெற்றோர் வினவுகின்றனர். வினா நியாயமானது. இத்துறையில் பெரும்புகழ் பெற்ற இரண்டு ஆங்கில எழுத்தாளர்களை முன்வைத்து அதற்கு விடை காண முயல்வோம்.

ஒருவர் டக்ளஸ் ஆடம்ஸ் (1952-2001). 'தி ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைட் டு த காலக்ஸி' என்னும் அவருடைய படைப்பு 1978 மார்ச்சில் பி.பி.சி. வானொலியில் தொடர் நாடகமாக ஒலிபரப்பாகத் தொடங்கி, 1979இல் நாவலாக வெளிவந்தது. வழியில் வரும் வாகனங்களை நிறுத்திக் காசின்றி ஏறிச் செல்லும் பயணிகளுக்கான அண்டவெளிக் கையேடு என்பது தலைப்பின் பொருள். மற்றொருவர் டெர்ரி பிராட்செட் (1948-2015). பத்திரிகையாளராகத் தொடங்கி, அணுமின் நிலையங்களையும் நடத்திய மின் வாரியம் ஒன்றில் செய்தித் தொடர்பு அலுவலராக இருந்தவர். 1983இல் 'தி கலர் ஆஃப் மேஜிக்' என்ற நாவலால் 'டிஸ்க்வேர்ல்ட்' என்னும் தட்டையுலகை அறிமுகம் செய்தார். பேராமை ஒன்றின் முதுகில் நான்கு யானைகள். அவற்றின் மேல் வட்டத்தட்டாக ஓர் உலகம். இவ்வுலகைப் பற்றி மட்டும் அவர் எழுதியவை 41 நாவல்கள்.

முதலில் ஆடம்ஸின் கதை தொடங்கும் இடத்தைப் பார்ப்போம். ஆர்தர் டென்ட் என்னும் எளிய மனிதன் ஒரு வியாழக்கிழமை காலையில் கண் விழிக்கிறான். புறவழிச் சாலைக்காக அவன் வீட்டை இடிக்க இயந்திரங்கள் வந்து நிற்கின்றன. திட்ட வரைபடங்கள் ஒன்பது மாதங்களாக மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டிருந்தனவே என்று அதிகாரி கேட்கிறார். வைக்கப்பட்ட இடம் எது? ஒரு நிலவறை. அங்கே விளக்கும் இல்லை, இறங்கப் படிகளும் இல்லை. உள்ளே கைவிடப்பட்ட ஒரு கழிப்பறை. அதற்குள் பூட்டிய அலமாரி. அதன் அடித்தட்டில் வரைபடம். கதவிலோ சிறுத்தை இருப்பதாக ஓர் எச்சரிக்கைப் பலகை!

அதே நாளில் வோகன்கள் என்னும் வேற்றுக் கிரகத்தாரின் கப்பற்படை வானில் தோன்றுகிறது. அண்டவெளி நெடுஞ்சாலை ஒன்றுக்காகப் பூமியையே இடிக்கப் போவதாக அறிவிக்கிறது. மக்கள் அலறுகின்றனர். திட்டம் நான்கு ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஆல்பா சென்டாரி அலுவலகத்தில் ஐம்பது ஆண்டுகளாகப் பார்வைக்கு வைக்கப்பட்டிருந்ததே, நீங்கள் ஏன் வந்து பார்க்கவில்லை என்பதுதான் வோகன்களின் பதில்.

வேற்றுக் கிரகத்தார் பூமியை அழிக்க வருவது பழைய விஞ்ஞானக் கதைகளில் அடிபட்டுப்போன செய்தி. அங்கே அவர்கள் கொடியவர்களாக வருவர். ஆடம்ஸின் வோகன்கள் கோப்புப் பார்ப்பவர்களாக வருகின்றனர். புதுமை இந்த ஒரு மாற்றத்தில்தான் இருக்கிறது. மடம் என்ற சொல்லுக்கு, பிறர் கொளுத்தியதைப் பற்றிக்கொண்டு, பற்றியதை விடாமல் நிற்பது என்று உரையாசிரியர்கள் விளக்கம் கூறுவர். விதியைப் பற்றிக்கொண்டு, அவ்விதி எதற்காகப் பிறந்தது என்பதையே மறந்துவிட்ட அலுவலருக்கு இதைவிடப் பொருத்தமான சொல் வேறில்லை. ஒரு சான்றிதழுக்காகப் பத்து நாள் படியேறி இறங்கிய எவரும் வோகனைக் கண்டதும் அடையாளம் கண்டுகொள்வர். வீட்டுக்கு நேர்ந்ததையே உலகத்துக்கும் நேரச் செய்வதால், நாம் பழகிப் பழகிக் காணாமல் விட்ட அநீதி கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெரிதாகிறது. பூதக்கண்ணாடி பொருளைப் பெரிதாக்குமே அன்றி, இல்லாத பொருளைப் படைப்பதில்லை.

இவ்வகை நாவல்களுக்கு ஒரு கடுமையான ஒழுங்கும் உண்டு. நம்ப முடியாத ஒன்றைத் தொடக்கத்தில் ஆசிரியர் கடனாகக் கேட்டு வாங்கிக்கொள்கிறார். அதன்பின் எல்லாம் நியாயத்தின் வழியே நடந்தாக வேண்டும். வாழ்க்கைக்கும் பிரபஞ்சத்துக்கும் எல்லாவற்றுக்குமான இறுதி விடையைக் கேட்டு ஒரு பெருங்கணிப்பொறியை அமைக்கின்றனர். அது எழுபத்தைந்து இலட்சம் ஆண்டுகள் கணக்கிட்டு, 42 என்று விடை கூறுகிறது. கேட்டவர் திகைக்கின்றனர். இதனை வெறும் கோமாளித்தனம் என்று கருதுவோர் உளர். விடையில் பிழையில்லை, உங்கள் வினா இன்னதென்று உங்களுக்கே தெரியாது என்பதே கணிப்பொறியின் மறுமொழி. அவ்வினாவைக் கண்டறிவதற்காக அமைந்த பொறிதான் நமது பூமி என்றும், கணக்கு முடிய ஐந்து நிமிடமே இருக்கையில் வோகன்கள் அதனை இடித்துவிட்டனர் என்றும் கதை வளர்கிறது. வினாவை உணராமல் விடைகளை மனனம் செய்யும் மாணவரிடையே ஆயுளைக் கழித்த ஆசிரியர் எவரும் இவ்விடத்தில் சிரித்துவிட்டுச் சற்றே மௌனமாவர்.

பிராட்செட்டின் நகை வேறு நிலத்தில் விளைவது. அவரது தட்டையுலகில் மந்திரவாதிகள் உண்டு, குள்ளர்கள் உண்டு, பறவைநாகங்கள் உண்டு. ஆனால் அங்குள்ள அங்க்-மார்போர்க் நகரத்தில் வாடகை கொடுக்க வேண்டும், கூலி வாங்க வேண்டும், சாக்கடையைத் தாண்ட வேண்டும். 'மென் அட் ஆர்ம்ஸ்' (1993) என்ற நாவலில் காவற்படைத் தலைவன் வைம்ஸ் தன் பூட்ஸுகளைப் பற்றிச் சிந்திக்கிறான். மாதச் சம்பளம் முப்பத்தெட்டு டாலர். நல்ல பூட்ஸ் ஐம்பது டாலர், பல்லாண்டு உழைக்கும். அவனால் வாங்க முடிந்ததோ பத்து டாலர் பூட்ஸ். இரண்டொரு பருவத்தில் அடித்தோல் தேய்ந்து நீர் புகும். செல்வனுக்குப் பத்தாண்டுக்கும் ஒரே இணை போதும். ஏழை அதே காலத்தில் நூறு டாலர் செலவிட்டும் ஈரக்காலோடு நடப்பான். ஏழையாய் இருப்பதற்கே செலவு அதிகம் என்னும் பொருளாதாரப் பாடம் இது. 2022இல் பிரிட்டனில் விலைவாசி ஏறியபோது, எளியோர் வாங்கும் மலிவான உணவுப் பொருள்களின் விலையை அளக்க ஜாக் மன்ரோ என்ற எழுத்தாளர் ஒரு குறியீட்டைத் தொடங்கினார். பிராட்செட்டின் உரிமையாளர்களது இசைவுடன் அதற்கு வைம்ஸின் பூட்ஸ் பெயரே சூட்டப்பட்டது. இல்லாத உலகத்துக் காவலனின் காலணி, உள்ள உலகத்து ஏழையின் கூடைக்கு அளவுகோலாயிற்று.

பிராட்செட்டின் இன்னொரு வழக்கம் அடிக்குறிப்பு எழுதுவது. கதை போய்க்கொண்டிருக்கும்போதே பக்கத்தின் அடியில் ஒரு குறிப்பு. அக்குறிப்புக்கே சில வேளை மற்றொரு குறிப்பு. மத்ரஸாவில் ஓதியவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. மத்னுக்கு ஷரஹும், ஷரஹுக்கு ஹாஷியாவும் ஓரங்களில் சூழ்ந்திருக்கும் கிதாபுகளில் கண் பழகியவர்கள் நாம். அறிவின் தோரணையை வைத்துக்கொண்டே அறிவின் செருக்கைக் கிள்ளிவிடுகிறார் பிராட்செட் என்பது அங்கே கிட்டும் கூடுதல் சுவை.

இனி, இத்தகைய கதை பொய்யல்லவா என்னும் தயக்கத்துக்கு வருவோம். இத்தயக்கம் புதிதன்று. ஹிஜ்ரி 516இல் மறைந்த பஸராவின் ஹரீரி, தம் ஐம்பது மகாமாக்களுக்கு எழுதிய முன்னுரையிலேயே இதனை எதிர்கொண்டார். ஊர் ஊராக வேடம் மாற்றி மக்களை ஏய்க்கும் அபூ ஸைதின் கதைகள் அவை. வாயில்லா விலங்குகளும் உயிரில்லாப் பொருள்களும் பேசுவதாகப் புனைந்த கதைகளை அறிவுடையோர் எவரும் பழித்ததில்லை. எம் நூலையும் அவ்வரிசையில் வைத்துப் பாருங்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். பொய் என்பது கேட்பவனை ஏமாற்றும் நோக்குடையது. புனைவோ தன்னைப் புனைவென்று முதல் வரியிலேயே அறிவித்துவிடுகிறது. ஆமையின் முதுகில் உலகம் நிற்கிறது என்று ஒருவர் கதை தொடங்கினால், ஏமாறுவதற்கு அங்கே யாரும் இல்லை.

எனினும் எல்லாவற்றுக்கும் தலையசைத்துவிட வேண்டும் என்று நாம் கூறவில்லை. பிராட்செட் இறைநம்பிக்கை உடையவர் அல்லர். 'ஸ்மால் காட்ஸ்' (1992) என்ற நாவலில், மெய்யாக நம்புவோன் ஒருவனே எஞ்சியிருப்பதால் தெய்வம் ஒன்று சிற்றாமையாகச் சுருங்கிவிடுகிறது. வணங்குவோரின் நம்பிக்கையால்தான் தெய்வம் வாழ்கிறது என்னும் அக்கருத்து நமக்கு உடன்பாடானதன்று. ஆயினும் அந்நாவல் சாடுவது அன்பு வற்றிய சமயப் பீடத்தையும், அதன் பெயரால் நடக்கும் சித்திரவதையையுமே. அந்தச் சாட்டையடி எந்தச் சமயத்தாருக்கும் பயன் தருவதே. ஏற்பதை ஏற்று மறுப்பதை மறுக்கும் பயிற்சியைப் பிள்ளைகளுக்குத் தருவது, நூலைப் பிடுங்கி ஒளித்து வைப்பதைவிட நன்று.

அவரது மரணம் என்னும் பாத்திரத்தையும் இவ்வாறே கொள்ளல் வேண்டும். அது நாம் நம்பும் வானவர் அன்று. எலும்புருவாக வரும் கதைமாந்தன். 'ரீப்பர் மேன்' (1991) நாவலில், பதவியிழந்த மரணம் ஒரு முதிய பெண்ணின் பண்ணையில் கூலிக்கு அமர்கிறது. அறுவடைக்கு அனுப்பினால், ஒவ்வொரு தாளாக, ஒன்றன்பின் ஒன்றாக அறுக்கிறது! முதலில் நகை வருகிறது. ஒவ்வோர் உயிரும் தனித்தனியே மதிக்கத்தக்கது என்பது பிறகு விளங்குகிறது. மரணத்தை எதிர்நோக்கிய நோயாளர் சிலர் இப்பாத்திரத்தால் ஆறுதல் பெற்று அவருக்குக் கடிதம் எழுதியதுண்டு. 2007இல் பிராட்செட்டையே மறதிநோய் பற்றியது. அதன் பின்னும் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. கடைசி நாவல் அவர் மறைந்த 2015ஆம் ஆண்டிலேயே, மறைவுக்குப் பின் வெளிவந்தது.

இருவரையும் சீர்தூக்கினால் நம் தராசு பிராட்செட்டின் பக்கமே தாழ்கிறது. ஆடம்ஸின் கூர்மை ஒப்பற்றது. ஆனால் பிரபஞ்சத்தின் பொருளின்மையைக் கண்டு சிரிக்கும் அந்நகை, நூல் தோறும் ஈரம் குறைந்து, 'மோஸ்ட்லி ஹார்ம்லெஸ்' (1992) என்ற ஐந்தாம் நாவலில் எல்லாப் பூமிகளையும் அழித்துவிட்டு வறண்டு நிற்கிறது. மாந்தரை நேசிக்க அவருக்கு நேரம் வாய்க்கவில்லை. பிராட்செட்டோ கேலிக்கென்று படைத்த பாத்திரத்தையும் நாலைந்து நூல்களுக்குள் நேசிக்கத் தொடங்கிவிடுகிறார். 'கார்ட்ஸ்! கார்ட்ஸ்!' (1989) நாவலில் குடித்துச் சாக்கடையில் கிடந்த வைம்ஸ், நீதிக்காகத் தன்னையே காவல் செய்யும் மனிதனாக வளர்வதே அதற்குச் சான்று.

எனவே, பிள்ளை கையில் இத்தகைய நூலைக் காணும் பெற்றோர், இது நடக்கக்கூடியதா என்று கேட்க வேண்டியதில்லை. இந்நகை யாரை நோக்கிப் பாய்கிறது என்று கேட்கட்டும். வலியவனின் ஆணவத்தையும் விதியின் மூடத்தனத்தையும் நோக்கிப் பாய்ந்தால் பிள்ளை படிக்கட்டும். எளியவனின் குறையை நோக்கிப் பாய்ந்தால் அதனை அருகிருந்து சுட்டிக்காட்டுவோம். பிள்ளை படித்து முடித்த நூலை நாமும் ஒருமுறை வாங்கிப் படிப்பது, அப்படிச் சுட்டிக்காட்டும் தகுதியை நமக்குத் தரும்.