நந்தன் கதையில் வேதியர்: ஒரு பாத்திரத்தின் வரலாறு

பழங்கதையொன்று காலந்தோறும் மீளச் சொல்லப்படும்பொழுது, நாயகனைக் காட்டிலும் அவனுக்கு எதிர்நிற்கும் பாத்திரமே பெரிதும் மாறுகிறது. திருநாளைப்போவார் எனப்படும் நந்தனின் கதை இதற்குத் தக்க சான்றாகும். நந்தன் எல்லா வடிவங்களிலும் ஏறத்தாழ ஒருவனே. தில்லைக்குப் போக விரும்புகிறான், போக முடியவில்லை, நாளை போவேன் என்கிறான். அவனைத் தடுப்பது யார் என்ற வினாவுக்கே விடைகள் வேறுபடுகின்றன. அவ்விடைகளின் வழியே அந்தணப் பாத்திரம் அடைந்த மாற்றங்களை நோக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

சுந்தரரின் திருத்தொண்டத்தொகையில் நந்தனுக்குக் கிடைப்பது பெயர் மாத்திரமே. நம்பியாண்டார் நம்பியின் அந்தாதியில் தில்லை மூவாயிரவர் கதைக்குள் வருகின்றனர். அவர்கள் செய்வதெல்லாம் கைகூப்புவதே. புலைமை நீங்கி நந்தன் முனியானான் என்று கூறும் அப்பாடலில் தீயைப் பற்றிய பேச்சே இல்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழாரிடத்தே தீ மூள்கிறது. இறைவன் கனவில் தோன்றிப் பணிக்கிறான்; அந்தணர் அச்சத்துடன் வந்து நந்தனிடம் செய்தி கூறி, வேள்வித்தீ அமைத்துக் கொடுக்கின்றனர். அவர்கள் கொடியவரல்லர், ஏவலை நிறைவேற்றுவோர் மாத்திரமே. தீண்டாமையை வகுத்தவர் எவர் என்ற கேள்வி எழாதவாறு பொறுப்பு முழுவதும் இறைவனிடம் ஒப்படைக்கப்படுகிறது. சோழர் காலக் கோயில் பெரும் நிலவுடைமை நிறுவனமாகவும் விளங்கியதை நினைவிற் கொண்டால் இதில் வியப்பில்லை. எனினும், சேக்கிழாரின் நந்தன் தனியொரு பண்ணையாருக்குக் கட்டுப்பட்டவனல்லன். ஊர் அளித்த பறைத்துடவையைக் கொண்டு வாழ்பவன். கோயில்களின் பேரிகைக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் கொடுப்பவன்.

இக்கதையில் முதன்முதலாக நிலத்தைக் கொணர்ந்தவர் கோபாலகிருஷ்ண பாரதியார். அவருடைய நந்தனார் சரித்திரக் கீர்த்தனை 1861இல் காரைக்காலில் பிரெஞ்சு அதிகாரி சீசே என்பாரின் ஆதரவுடன் அச்சேறியது. பெரியபுராணத்தில் இல்லாத வேதியர் என்னும் பண்ணையார் இதில் தோன்றுகிறார். நூலின் மொழிவழுக்களைக் கண்ட மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை சிறப்புப்பாயிரம் தரத் தயங்கினார் என உ. வே. சாமிநாதையர் எழுதியுள்ளார். புலவர் கண்ணுக்கு வழுக்கள் தென்பட்டன. எமக்கோ அதே நூலில் தஞ்சை மிராசு முறையின் உற்பத்தி உறவுகள் தென்படுகின்றன. நந்தன் இப்போது தில்லைக்குப் போக இறைவனிடம் அன்றி முதலாளியிடம் அனுமதி கேட்கிறான். வேதியர் சினந்து ஏசுகிறார். பின்னர் நாற்பது வேலி நிலத்தின் வேளாண்மை முழுவதையும் முடித்துவிட்டுப் போ என்கிறார். நாற்பது வேலி என்பது ஏறத்தாழ 265 ஏக்கர். வேதம் ஓதுபவரும் நிலத்தை உடையவரும் ஒரே உடலில் வந்து சேர்ந்தமையால், சாதி ஆசாரம் உழைப்பைக் கட்டிவைக்கும் கயிறாக இருப்பது வெளிப்படுகிறது. அந்தணராகிய ஓர் ஆசிரியர் இதனை எழுதினார் என்பது சாதாரண விடயமன்று.

ஆனால் அடுத்த கணமே பாரதியார் தாம் கண்டதிலிருந்து பின்வாங்குகிறார். சிவகணங்கள் ஓரிரவில் வேலையை முடித்துவிடுகின்றன. ஒரு சேரி முழுவதும் பல மாதங்கள் சிந்தவேண்டிய வியர்வை அற்புதமாக மறைந்துவிடுகிறது. விளைந்த நெல்லோ வேதியருக்கே சேருகிறது! அதைக் கண்ட வேதியர் நந்தனின் காலில் விழுகிறார், நிலம் கைமாறவில்லை. மற்றொன்றையும் குறிப்பிடல் வேண்டும். இந்நூலிற் சேரிக்கும் சமயத் தலைமை உண்டு. ஆடு பலியிட்டுக் காவல் தெய்வங்களை வழிபடுமாறு நந்தனுக்கு அறிவுரை கூறும் கிழவர் அவர். அவரைப் பாரதியார் நகைப்புக்கு உரியவராக்குகிறார். உயர்சாதிப் புரோகிதருக்கு மனமாற்றம் வாய்க்கிறது. சேரியின் பூசாரிக்கு ஏளனமே வாய்க்கிறது.

திரைப்படங்கள் அந்த மனமாற்றத்தைப் பற்றிக்கொண்டு நிலத்தை மெல்ல மறந்தன. 1935இன் 'பக்த நந்தனா'ரில் கே. பி. சுந்தராம்பாள் நந்தனாகவும் சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர் வேதியராகவும் தோன்றினர். சுந்தராம்பாளுக்கு இலட்சம் ரூபா ஊதியம் என்பது அன்று பெரும் பேச்சு. பண்ணையாளின் வேடத்துக்கு அத்துணை விலை! 1942இல் ஜெமினி தயாரித்த படத்தில் தண்டபாணி தேசிகர் நந்தன், செருகளத்தூர் சாமா வேதியர். 1939இல் மதுரைக் கோயில் நுழைவு நிகழ்ந்து மூன்றாண்டுகளே கழிந்திருந்தன. அரிசன முன்னேற்றம் பேசிய நடுத்தர வர்க்கத்துக்குத் திருந்தக்கூடிய வேதியர் தேவைப்பட்டார். புதுமைப்பித்தன் 'புதிய நந்தன்' கதையில் இவ்வாறுதல் கொள்ளவில்லை. வேதியரின் வழித்தோன்றலையும் காந்திய மகனையும் எதிரெதிரே நிறுத்தி, எவருக்கும் மீட்சியின்றிக் கதையை முடித்தார். இந்திரா பார்த்தசாரதியின் 'நந்தன் கதை' நாடகத்தில் (1978) தீ கடவுளின் கட்டளையன்று. வேதியரும் பிற நிலவுடைமையாளரும் கூடிச் செய்த சூழ்ச்சி. 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டபின் அத்தீயைப் பழையபடி பாட இயலாது போயிற்று.

மேலைநாட்டுக் கற்பனை வேட விளையாட்டுகளிலும் இத்தகைய மாற்றத்தைக் காணலாம். 1974இல் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டில் புரோகித வேடத்தினர் கூரிய ஆயுதம் ஏந்தலாகாது என விதி இருந்தது. 2000ஆம் ஆண்டுப் பதிப்பிலோ தெய்வமே இன்றி ஒரு கொள்கையைத் தொழுதும் அவ்வேடம் ஏற்கலாம். ஆற்றல்கள் மாறின; அப்புரோகிதரின் கோயிலுக்காக உழுபவர் எவர் என்பது விதிகளுக்கு வெளியே நின்றது. 1861ஆம் ஆண்டுக் கீர்த்தனை அக்கேள்வியை உள்ளே கொணர்ந்தது என்பதே அதன் பெருமை. அதனை வெறும் பக்திப் பிரபந்தம் என ஒதுக்கும் முற்போக்கு விமரிசகரோடு நாம் உடன்படவில்லை.

வட்டகொடைத் தோட்டங்களிலிருந்து இக்கதையைப் படிக்கும்போது அனுமதி கேட்கும் காட்சி வேறொரு கனம் பெறுகிறது. பாரதியார் நூல் அச்சேறிய அதே பத்தாண்டுகளில்தான் தஞ்சை, திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து பண்ணையாட்கள் கங்காணிமாரோடு கண்டிச் சீமைக் கோப்பித் தோட்டங்களுக்கு வந்துகொண்டிருந்தனர். வேதியரிடமிருந்து தப்பியவர் துரையிடம் வந்து சேர்ந்தனர். கடனைக் குறித்த 'துண்டு' இன்றி ஒரு தொழிலாளி தோட்டம் மாற முடியாதிருந்தது. 1921ஆம் ஆண்டுச் சட்டம் வரை அம்முறை நீடித்தது. ஆயினும் இங்கே ஒரு பெரும் வேறுபாடு உண்டு. லயத்துக்கு அருகே மாரியம்மனுக்கும் மாடசாமிக்கும் பூசை செய்பவர் பெரும்பாலும் தாமே பிரட்டுக்களத்தில் நின்று பேருக்காக உழைப்பவர். பாரதியார் நகையாடிய சேரிக் கிழவரின் வாரிசு. பேர் போடுகிறவரோ எந்த வேதத்தையும் ஓதுவதில்லை. பாரதியார் ஒன்றாக்கிய இரு பாத்திரங்களையும் தோட்டம் பிரித்துவிட்டது. இதனால் நந்தன் கதையை இங்கு கேட்போர் வேதியரைத் தொலைதூரத்துப் பார்ப்பனராக மாத்திரம் காணவும், செக்ரோலை வைத்திருப்பவரை அதே பாத்திரமாக இனங்காணாது விடவும் இடமேற்படுகிறது. இக்கீர்த்தனையை எம் மாணவருக்குக் கற்பிக்கும்பொழுது இறுதித் தீயிலும் ஓரிரவு அற்புதத்திலும் செலவிடும் நேரத்தைக் குறைத்து, நாற்பது வேலிக் காட்சியைச் சொல் சொல்லாக ஆராய்தல் வேண்டும் என நாம் கூறுவது இதனாலேயே.