நாலாயிரத்து ஐந்நூறு ஜூல்

மேக்னம் ரைஃபிள் வாங்கியவரிடம் போய், "தோட்டாவின் வேகத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். முகம் சுண்டிப் போகும். வேகத்துக்குத்தானே அத்தனை பணம் கொடுத்தது? என் கட்சி வேறு. .300 வின்செஸ்டர் மேக்னத்தை ரேஞ்ச் விதிக்குள் அடங்கும்படி, நானே உட்கார்ந்து தோட்டா கட்டிச் சுடுகிறேனே, அந்தச் சுகத்துக்கு ஈடாகத் துப்பாக்கி விளையாட்டில் இன்னொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

விதியை முதலில் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் ராணுவ ரேஞ்சுகளில் சாதாரணமாகச் சுட வேண்டுமானால், குழல் வாயில் குண்டின் வேகம் விநாடிக்கு 1000 மீட்டரைத் தாண்டக் கூடாது. ஆற்றல் 4500 ஜூலைத் தாண்டக் கூடாது. தாண்டினால் 'உயர் ஆற்றல்' வகையில் சேர்த்துவிடுவார்கள். அதற்குத் தனித் தகுதி, தனி நடைமுறை. சர்ரே மாவட்டத்தில், 1890 முதல் நேஷனல் ரைஃபிள் அசோசியேஷன் நடத்திவரும் பிஸ்லியிலும் இதே 4500தான் எல்லைக்கோடு. இலக்குக்குப் பின்னால் இருக்கும் மண்மேட்டைத் தாண்டியோ தரையில் பட்டுத் தெறித்தோ ஒரு குண்டு எவ்வளவு தூரம் போகும் என்று கணக்கிட்டு, அந்த அளவுக்கு ஆள் நடமாட்டமில்லாத அபாயப் பகுதியை வரைந்து வைத்திருக்கிறார்கள். குண்டின் ஆற்றல் கூடினால் அந்த வரைபடம் பொய்யாகிவிடும். இதில் கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது?

இனி கணக்கு. எனக்கு இந்த இடம்தான் உயிர்! எடையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கு. பள்ளியில் படித்த அதே சூத்திரம். கடையில் கிடைக்கும் 180 கிரெயின் தோட்டாவை எடுத்துக்கொள்வோம். குண்டின் எடை 11.66 கிராம். பெட்டியில் போட்டிருக்கும் வேகம் விநாடிக்குச் சுமார் 900 மீட்டர். பெருக்கிப் பார்த்தால் 4700 ஜூலுக்கு மேல் வருகிறது. வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். அதே குண்டை 878 மீட்டருக்குக் கீழே இறக்கினால் உள்ளே வரலாம். இருபது சொச்சம் மீட்டர்தான் வித்தியாசம்.

அதைவிட ருசியான வழி ஒன்று உண்டு. ஆற்றலுக்குத்தானே உச்சவரம்பு? அப்படியானால் குண்டைக் கனமாக்கி, வேகத்தை இறக்கு. 200 கிரெயின் குண்டுக்கு எல்லை 833 மீட்டர். நான் 820-இல் நிறுத்துகிறேன். ஆற்றல் சுமார் 4360 ஜூல். நீளமும் கூர்மையும் உள்ள கனமான குண்டு காற்றைக் கிழித்துக்கொண்டு போவதால் வழியில் வேகத்தை அதிகம் இழப்பதில்லை. பக்கக் காற்றுக்கும் அவ்வளவாக ஒதுங்குவதில்லை. .308 வின்செஸ்டர் இதே எடையை இந்த வேகத்துக்குத் தள்ள மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடினாலும் எட்டாது. மேக்னத்துக்கோ இது மாலை நேர உலாத்தல். அறைக்குள் அழுத்தம் குறைவு, தோளில் உதை குறைவு, குழலின் தொண்டைப் பகுதி தேய்வதும் குறைவு. விதி பறித்துக்கொண்டதைவிடக் கொடுத்ததுதான் அதிகம் என்பேன்.

கட்டும் வேலையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. மேசையில் பச்சை நிற ஆர்.சி.பி.எஸ். ப்ரெஸ், பக்கத்தில் தராசு, நடுவில் சுட்ட பித்தளைக் கூடுகள் நிறைந்த தட்டு. .300 வின்செஸ்டர் மேக்னம் 1963-இல் வந்தது. அதன் அடியில் ஒரு பட்டை, இடுப்புக்கு ஒட்டியாணம் கட்டினாற்போல, இருக்கும். ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் 1912-இல் கொண்டுவந்த .375-இன் வாரிசுச் சொத்து அது. சுட்ட கூட்டைப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் அச்சுக்கு டை என்று பெயர். பலர் அதை அடிவரை இறக்கிக் கூட்டை அழுத்திவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் கூட்டின் தோள் தேவைக்கு மேல் பின்னுக்குப் போய், ஒவ்வொரு முறை சுடும்போதும் பித்தளை பட்டைக்கு மேலே இழுபட்டு மெலியும். தோளை ஒரு மயிரிழை மட்டும் பின்னுக்குத் தள்ளினால் போதும். நான் பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியை மட்டும் வளைத்து, ஒவ்வொரு கூட்டின் உட்சுவரிலும் அடியிலிருந்து மேலே இழுத்துப் பார்ப்பேன். பட்டைக்குச் சற்று மேலே நுனி எங்கேயாவது தட்டி இடறினால், அங்கே பள்ளம் விழத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். யோசிக்காமல் அந்தக் கூடு குப்பைக்கு. விரல் நுனியில் அந்தச் சின்ன இடறல் தெரியும்போது ஒரு சிலிர்ப்பு வரும் பாருங்கள்!

வெடிமருந்து விஷயத்தில் மட்டும் ஆசைக்கு இடமில்லை. மேக்னத்துக்குப் போடும் மெதுவாக எரியும் மருந்தை இஷ்டத்துக்குக் குறைத்தால் வேகம் பணிவாகக் குறையும் என்று நினைக்காதீர்கள். பாதி காலியான கூட்டில் மருந்து சீராகப் பற்றாது, தாமதித்து வெடிக்கலாம், சில வேளை அழுத்தம் எகிறி ரைஃபிளே பிளந்துபோகலாம். ஆகவே மருந்துக் கம்பெனியின் கையேட்டில் அந்தக் குண்டுக்குப் போட்டிருக்கும் தொடக்க அளவுதான் என் தரை. அதற்குக் கீழே இறங்க மாட்டேன். 200 கிரெயின் குண்டுக்கு அவ்வளவு கீழே போகவும் தேவையில்லை. 820 மீட்டர் கையேட்டு எல்லைக்குள்ளேயே சௌகரியமாகக் கிடைக்கிறது. .338 லாபுவா மேக்னம் கதை வேறு. 250 கிரெயின் குண்டோடு அது 6600 ஜூல் வரை போகும். அதை 4500-க்குள் இழுக்க 745 மீட்டருக்கு இறங்க வேண்டும். அந்த வதை எதற்கு? .338 வைத்திருப்பவர்கள் உயர் ஆற்றல் தகுதியை வாங்கிவிடுவதே மேல்.

அப்புறம், குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப். அது சொல்வதுதான் தீர்ப்பு. சராசரி எல்லைக்குள் இருந்தால் போதாது. வரிசையிலேயே அதிக வேகமாகப் போன குண்டும் உள்ளே இருக்க வேண்டும். போதாததற்கு மருந்துக்குச் சூடு ஏறினால் வேகமும் ஏறும். பிப்ரவரிக் குளிரில் பார்த்த எண்ணை நம்பி, பிஸ்லியில் பெரிய போட்டி நடக்கும் ஜூலை மாதத்தில் போய் நிற்க முடியாது. நான் 833-ஐத் தொடாமல் 820-இல் நிற்பது இதற்காகத்தான். குரோனோகிராஃபின் ரேடாரில் எண்கள் 818, 821, 820, 819 என்று வரிசையாக விழும்போது, சங்கீதக் கச்சேரியில் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள்கூட இப்படித் தலையாட்டியிருக்க மாட்டார்கள்.

பிஸ்லியின் ஸ்டிக்கில்டவுன் ரேஞ்சில் 1000 கெஜம். விசையை அழுத்திவிட்டு, உதையில் கண் கலங்காமல், தொலைநோக்கியிலேயே காத்திருக்க முடிகிறது. முழு வேகத் தோட்டாவில் அந்த நிதானம் எனக்குக் கிடைத்ததில்லை. இலக்கு கீழே இறங்கி, குண்டு பட்ட இடத்தில் அடையாள வில்லையோடு மறுபடி மேலே வரும். வில்லை நடுவட்டத்தில் உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் படுத்திருப்பவர் நிமிர்ந்து, "மேக்னமா சுடுகிறீர்கள்?" என்று கேட்பார். ஆமாம் ஐயா, மேக்னமேதான்!

உங்கள் அலமாரியிலும் விதிக்குப் பயந்து ஒரு .300 தூங்கிக்கொண்டிருந்தால், துப்பாக்கிச் சான்றிதழும் கையேடும் குரோனோகிராஃபும் துணையிருக்க, 200 கிரெயின் குண்டு ஒரு பெட்டி வாங்குங்கள். முதல் நாள் போகும்போது வேகத்தை எழுதிய தாளை மறக்காமல் எடுத்துப் போங்கள். ரேஞ்ச் அதிகாரி கேட்டால் காட்ட வேண்டியிருக்கும்.