வன்தட்டுப் பெட்டியில் இல்லாத செய்தி

வீட்டு மேசைக்கணினிக்குப் பெரிய வன்தட்டு வாங்கச் செல்பவர் கடையில் கேட்பது பெரும்பாலும் இரண்டு கேள்விகள்: எத்தனை டெராபைட், என்ன விலை. கடைக்காரரிடமும் அந்த இரண்டுக்குத்தான் பதில் இருக்கும். ஹார்டு டிஸ்க் என்று நாம் வழக்கமாகச் சொல்லும் இந்தப் பொருளின் பெட்டியிலும் கொள்ளளவுதான் பெரிய எழுத்தில் அச்சாகியிருக்கும். தரவு எந்த முறையில் எழுதப்படுகிறது என்பதோ, தட்டு உண்மையில் எவ்வளவு வேகத்தில் சுழல்கிறது என்பதோ பல பெட்டிகளில் தேடினாலும் கிடைக்காது. வாங்கிய பிறகு தொல்லை தருபவை இவைதாம்.

கொள்ளளவுக் கணக்கு

கொள்ளளவைப் பற்றிய புகார் பழையது. 4 டெராபைட் தட்டைப் பொருத்தினால் விண்டோஸ் 3.63 என்று காட்டுகிறது. மீதி எங்கே போயிற்று என்று கடைக்குத் திரும்பி வருபவர்கள் இன்றும் உண்டு. இதில் மோசடி இல்லை. தயாரிப்பாளர் ஒரு இலட்சம் கோடி பைட்டை ஒரு டெராபைட் என்கிறார். விண்டோஸ் அதே பைட்டுகளை 1024-ஆல் நான்கு முறை வகுத்துவிட்டு, விடைக்கும் டெராபைட் என்றே பெயர் வைக்கிறது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கப் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் 1998-இல் டெபிபைட் என்ற தனிப்பெயரைக் கொடுத்தும் விண்டோஸ் அதை எடுத்துக்கொள்ளவில்லை. பழைய கணினி வைத்திருப்பவர் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: எம்.பி.ஆர். என்னும் பழைய பிரிவினை அட்டவணை சுமார் 2.2 டெராபைட்டுக்கு மேல் எண்ணாது. அதைவிடப் பெரிய தட்டை ஜி.பி.டி. முறையில் பிரிக்க வேண்டும்.

ஓடு வேய்ந்த தட்டு

வன்தட்டில் தரவு வட்ட வட்டமான தடங்களில் பதிகிறது. எழுதும் முனைக்கு அகலமான தடம் தேவை. படிக்கும் முனைக்குக் குறுகிய தடமே போதும். இந்த வேறுபாட்டைப் பயன்படுத்தி, ஒரு தடத்தின் ஓரத்தின் மேல் அடுத்த தடத்தை ஏற்றி எழுதினால் அதே தட்டில் கூடுதல் தரவு அடங்கும். இதற்கு எஸ்.எம்.ஆர். என்று பெயர். தடங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றாத வழக்கமான முறை சி.எம்.ஆர். எஸ்.எம்.ஆரின் ஆங்கிலப் பெயரே கூரை வேயும் ஓட்டிலிருந்து வந்தது. ஓட்டு வீட்டில் வளர்ந்தவருக்கு இதன் சிக்கலை விளக்கத் தேவையில்லை. நடுவில் ஒரு ஓட்டை மாற்ற வேண்டுமானால் அதன்மேல் படிந்த ஓடுகளையும் தூக்கித்தான் ஆக வேண்டும். அதுபோலவே, நடுவில் உள்ள ஒரு கோப்பைத் திருத்தினால் அந்தப் பட்டையில் அதை அடுத்துள்ள தடங்களையும் தட்டு திரும்ப எழுதுகிறது.

இந்த மந்தம் வெளியே தெரியாதிருக்க, தட்டின் ஒரு பகுதி தற்காலிகக் கிடங்காக ஒதுக்கப்பட்டிருக்கும். புதிய தரவு முதலில் அங்கே விழும். கணினி சும்மா இருக்கும்போது தட்டு அதை உரிய இடத்துக்கு மாற்றிக்கொள்ளும். ஆகவே வாங்கிய அன்று சில படங்களை நகலெடுத்துப் பார்ப்பவருக்கு வேகம் நன்றாகவே இருக்கும். ஓய்வே கொடுக்காமல் பல நூறு ஜிகாபைட்டைக் கொட்டும்போதுதான் கிடங்கு நிரம்பி, வேகம் சரிகிறது. இது கணினியின் இயங்குதளத்துக்கே தெரியாது.

2020 ஏப்ரலில் இது பெரிய சர்ச்சையானது. வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் ‘ரெட்’ என்ற வரிசையை வலையமைப்புச் சேமிப்பகங்களுக்கு உகந்தது என்று விற்றுவந்தது. அவற்றில் பல தட்டுகளை இணைத்து, ஒன்று பழுதானால் மற்றவற்றைக் கொண்டு புதிய தட்டில் தரவை மீட்டெழுதுவார்கள். அந்த வேலை இடைவிடாத எழுத்து. அவ்வரிசையில் 2 முதல் 6 டெராபைட் வரையான தட்டுகளில் எஸ்.எம்.ஆர். புகுத்தப்பட்டிருந்ததை வாங்கியவர்களே சோதித்துக் கண்டுபிடித்தார்கள். நிறுவனம் பிறகு ஒப்புக்கொண்டது. சர்வ்-த-ஹோம் இணையதளம் அப்போது செய்த சோதனையில், வழக்கமான தட்டு ஒரு நாளுக்குள் முடித்த மீட்பு வேலைக்கு இந்தத் தட்டு ஒன்பது நாளுக்கு மேல் எடுத்தது. மேசைக்கணினித் தட்டுகள் சிலவற்றிலும் இதே முறை இருப்பதை சீகேட், தோஷிபா நிறுவனங்களும் ஏற்றன. வெஸ்டர்ன் டிஜிட்டல் பின்னர் வழக்கமான முறைத் தட்டுகளை ‘ரெட் பிளஸ்’ என்று தனிப்பெயரில் பிரித்தது.

எஸ்.எம்.ஆர். தட்டையே கெட்டது என்று எழுதுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வீட்டுக் கணினியில் பெரிய தட்டு பெரும்பாலும் பரண்தான்: ஒருமுறை வைத்த திருமணப் படங்களையும் பாட்டுகளையும் திரைப்படங்களையும் எடுத்துப் பார்ப்போமே தவிர, திருத்தி எழுதமாட்டோம். அதற்கு இந்தத் தட்டு போதும். இயங்குதளத்தை எப்படியும் எஸ்.எஸ்.டி.யில் வைக்க வேண்டும். நாள்தோறும் காணொளி தொகுப்பவருக்கும், பல தட்டுகளை இணைப்பவருக்கும் மட்டும் சி.எம்.ஆர். தேவை. குறை, சொல்லாமல் விற்றதில் இருக்கிறது. பச்சரிசியா புழுங்கலரிசியா என்று எழுதாமல் ‘அரிசி, 25 கிலோ’ என்று மூட்டை கட்டினால் எந்த வீட்டில் வாங்குவார்கள்?

சுழல்வேகத்திலும் இதே கதை. அதே 2020-இல், ‘5400 வகுப்பு’ என்று குறிப்பிட்ட சில பெரிய தட்டுகளின் ஒலியை வாங்கியவர்கள் பதிவுசெய்து பார்த்தார்கள். நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் தட்டு 90 ஹெர்ட்சில் ஒலிக்க வேண்டும். இவை 120 ஹெர்ட்சில் ஒலித்தன. அது 7200 சுற்றுக்குரிய ஒலி. ‘வகுப்பு’ என்பது செயல்திறனைக் குறிக்கும் சொல் என்று நிறுவனத் தரப்பு விளக்கம் தந்தது. சத்தமும் சூடும் குறைவாக இருக்கும் என்று நம்பி மெதுவான தட்டைத் தேடி வாங்கியவருக்கு அந்த விளக்கத்தால் என்ன பயன்?

ஆயுள் எண்கள்

சில தட்டுகளின் விவரத்தாளில் பழுதுகளுக்கு இடைப்பட்ட சராசரிக் காலம் 10 இலட்சம் மணி என்றிருக்கும். கணக்கிட்டால் 114 ஆண்டு. இது ஒரு தட்டின் ஆயுள் அல்ல. ஆயிரம் தட்டுகளை ஓட்டினால் ஆண்டுக்குச் சுமார் ஒன்பது பழுதாகும் என்பதே அதன் பொருள். அதுகூடப் பொருந்தவில்லை: கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், ஆண்டுக்கு நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு தட்டுகளை மாற்ற வேண்டியிருந்தது சாதாரணம், சில இடங்களில் 13 வரை போனது. அதே ஆண்டு கூகுள் ஆய்வாளர்கள் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட தட்டுகளை ஆராய்ந்தார்கள். பழுதானவற்றில் பாதிக்கு மேற்பட்டவை, தட்டு தானே தரும் ஸ்மார்ட் எச்சரிக்கைகளில் முக்கியமான நான்கில் ஒன்றைக்கூடக் காட்டாமல் போயிருந்தன. மென்பொருள் பச்சை விளக்கு காட்டுகிறது என்று நிம்மதியாக இருக்க முடியாது.

பேக்பிளேஸ் நிறுவனம் 2013 முதல் தன் தட்டுகளின் பழுது விவரத்தை மாதிரிவாரியாக வெளியிடுகிறது. வாங்குபவருக்குக் கிடைக்கும் நேர்மையான தரவுகளில் அது ஒன்று. ஆனால் அவை ஓயாமல் ஓடும் தரவு மையத் தட்டுகள். ஒரு மாதிரி மோசமானது என்று உறுதியாகும்போது அது கடையில் இருப்பதும் அரிது.

பெட்டியில் நான் மதிப்பது உத்தரவாதக் காலத்தை. நிறுவனம் தன் பணத்தைப் பந்தயமாக வைத்திருக்கும் எண் அது. தாய்லாந்து வெள்ளத்துக்குப் பின், 2011 இறுதியில், பெரிய தயாரிப்பாளர்கள் பல மேசைக்கணினித் தட்டுகளுக்கு அதைக் குறைத்தார்கள் என்பதும் நினைவிருக்கட்டும். உத்தரவாதம் தட்டைத்தான் திருப்பித் தரும். என் உறவினர் ஒருவர் மூன்று சிறிய தட்டுகளில் இருந்த குடும்பப் படங்களை ஒரே பெரிய தட்டில் சேர்த்துவிட்டுப் பழையவற்றை விற்றார். பதினோராம் மாதம் பெரியது நின்றது. புதுத் தட்டு ஒன்று தபாலில் வந்தது, காலியாக.

ஆகையால் 8 டெராபைட் ஒன்று வாங்கப் பணம் வைத்திருப்பவர் 4 டெராபைட் இரண்டு வாங்கலாம் என்பேன். டெராபைட்டுக்கான விலை சற்றுக் கூடும், பரவாயில்லை. ஒன்று கணினிக்குள் இருக்கட்டும். மற்றதில் நகலெடுத்துக் கழற்றி, முடிந்தால் வேறொரு வீட்டில் வைக்கலாம். பெரிய தட்டை நகலெடுப்பதும் சிறு வேலையல்ல: நொடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் 8 டெராபைட்டுக்குக் கிட்டத்தட்ட 15 மணி நேரம் ஆகும்.

பணம் கொடுக்குமுன் முழு மாதிரி எண்ணைக் கேட்டு, தயாரிப்பாளரின் இணையதளத்தில் அது எந்த முறைத் தட்டு என்று பார்த்துவிட வேண்டும். வரிசைப் பெயர் போதாது. ஒரே பெயரில், ஒரே கொள்ளளவில் கடைசி எழுத்துகள் மட்டும் மாறிய இரண்டு தட்டுகள் இரண்டு முறையில் எழுதக்கூடும். யு.எஸ்.பி. கூட்டுக்குள் வரும் வெளித் தட்டுகளில் இந்த வழியும் பெரும்பாலும் அடைபட்டிருக்கும். உள்ளே இருக்கும் தட்டின் மாதிரி எண் பொதுவாகப் பெட்டியில் இருக்காது.