கல்லாடர் ஒருவரோ, மூவரோ?

கொல்லிமலைத் தலைவனாகிய வல்வில் ஓரியைக் காரி கொன்று, அம்மலையைச் சேரர்க்கு ஈந்த செய்தியை அகநானூற்று 209-ஆம் பாட்டிற் கூறியவர் கல்லாடனார். பதினொராந் திருமுறையுள் திருக்கண்ணப்பதேவர் திருமறம் அருளியவர் கல்லாடதேவ நாயனார். கல்லாடம் என்னும் நூலாசிரியர்க்கும் அப்பெயரே வழங்கும். மூவரும் ஒருவரே, சங்கப் புலவரே என்பாரும் உளர். மூன்றும் அகவலாயிருத்தல் அவரை மயக்கிற்றுப் போலும்!

பொருளை நோக்கின் இம்மயக்கம் நில்லாது. கண்ணப்பர் வரலாறு சங்கத் தொகைநூல்களுள் யாண்டும் இல்லை. கல்லாட நூலோ திருக்கோவையாரின் துறைகளைத் தழுவி நடத்தலின் மணிவாசகர்க்குப் பிற்பட்டது. அது நாயனார் செய்ததாயின், ஆலவாய்ப் பெருமானைப் பரவும் அந்நூலைத் திருமுறையிற் சேர்க்காது விட்டது என்னை? அகப்பொருள் பற்றி விடுத்தனர் எனின், அப்பொருட்டாகிய திருக்கோவையார் எட்டாந் திருமுறையாய் நிற்கின்றதே!

சங்கப் புலவர் வாக்கு என்றாலன்றித் திருமறத்திற்குச் சிறப்பில்லை என்பார்போல இவர் வாதிப்பது நாயனார்க்கு இழைக்குங் குறையேயாம். கண்ணப்பரன்பைப் பாடியதே அதற்குப் போதிய சிறப்பு.

கல்லாடம் ஊர்ப்பெயருமாகும், திருவாசகத்துக் கீர்த்தித் திருவகவல் அதனை இறைவன் அருளிய இடங்களுள் ஒன்றாகக் கூறும். அவ்வூரிற் பிறந்தார் எக்காலத்தாராயினும் கல்லாடரெனப் பெயர் பெறுதற்குத் தடையென்னை? கபிலர், பரணர், நக்கீரர் பெயர்களும் அத்திருமுறையுள் வருகின்றன. மூத்த பிள்ளையாரைப் பாடிய கபிலதேவரைப் பாரியின் நண்பரோடு ஒன்றாக்குவாரும் இவ்வழியே ஆராய்க.