காலகேயர் மொழியும் நாகர் மொழியும்

2015இல் வெளிவந்த ‘பாகுபலி’ திரைப்படத்திலே காலகேயர் என்னும் கற்பனைக் குலத்தினருக்கென மதன் கார்க்கி ஆக்கியளித்த கிளிக்கி மொழி, ஏறத்தாழ 750 சொற்களையும் 40 இலக்கண விதிகளையும் கொண்டதெனக் கூறப்படுகின்றது. நான் என்பதற்கு ‘மின்’. அதன் ஒலிகளைத் தலைகீழாக்கின் ‘நிம்’, அதாவது நீ. கார்க்கி அவுஸ்திரேலியாவில் ஆராய்ச்சி மாணவராயிருந்த காலத்திற் சிறுவரோடு விளையாடப் புனைந்த சொற்களே இதன் வித்து. 2020இல் எழுத்துவடிவமும் வெளியிடப்பட்டது. மொழியியல் நோக்கில் இம்முயற்சி எள்ளத்தக்கதன்று.

ஆயின், சிறுவர் விளையாட்டிற் பிறந்த அம்மொழி திரையில் எதற்குப் பயன்பட்டது என்பதே ஈண்டு நமது வினா. காலகேயர் தலைவன் இங்கோசியின் வாயில் அது வசையாகவும் போர் முழக்கமாகவுமே ஒலிக்கின்றது. நாவினாற் சொடுக்கி எழுப்பப்படும் ஒலிகள் அதன் தனிக்கூறு. தென்னாபிரிக்காவின் கோசா மக்கள் அன்றாடம் பேசும் மொழியில் இயல்பாக அமைந்த ஒலிவகை இது. கருமை பூசிய உடல்களோடு அதனை இணைத்துக் காட்டுமிராண்டித்தனத்தின் அடையாளமாக்கியது நெறியாளர் இராஜமௌலியின் படம். அதனைத் தடுக்கும் வலிமை சொல்லாக்கியவரின் இலக்கணத்திற்கு இல்லை.

பிறர் மொழியை ஒரே தொழிலுக்குள் அடக்கும் இவ்வழக்கம் ஊவாவில் அறியப்படாததன்று. பதுளை, மொனராகலைத் தோட்டங்களில் துரைமார் கற்ற தமிழ் எத்தகையது? சின்னத்துரைமாருக்கென பேர்குசன் தொகுத்த 19ஆம் நூற்றாண்டுக் கைந்நூலின் பெயரே ‘இங்கே வா’. தெம்மாங்கும் ஒப்பாரியும் காமன்கூத்தும் வளர்த்த மக்களின் மொழி, நூலின் அட்டையிலேயே ஏவலாகச் சுருங்கிவிடுகின்றது.

மணிமேகலையின் ஆதிரை பிச்சையிட்ட காதையோ வேறொரு வழியைக் காட்டுகின்றது. கலமுடைந்து நாகர் மலையில் ஒதுங்கிய சாதுவனைத் தின்ன வந்தோர், அவன் தம் மொழி பேசக்கேட்டுத் தம் தலைவனிடம் இட்டுச்செல்கின்றனர். அம்மொழியின் ஒரு சொல்லையேனும் சாத்தனார் தரவில்லை. எனினும் அதில் உயிர், உடல், மறுபிறப்பு பற்றிய வாதம் நிகழ்கின்றது. காப்பியம் பக்கச்சார்பற்றது என்பதன்று நம் கருத்து. நாகர் தலைவன் துணையோடிருக்கும் கரடிக்கே உவமிக்கப்படுகிறான். சாதுவன் போதிக்கும் அறத்தின் முதற்கூறு, கலமுடைந்து வருவோரைக் கொல்லாதிருத்தல். வணிக வர்க்கத்திற்கு இதனினும் இன்றியமையாத அறம் யாது? (பௌத்த நெறியை மட்டுமே பேசும் உரைகாரர் இதனைக் கவனிப்பதில்லை.) ஆயினும் கள்ளும் ஊனுமின்றித் தம்மால் வாழவியலாதென நாகர் தலைவன் மறுத்துரைக்கின்றான். சாதுவனும் மூத்துத் தாமே இறக்கும் விலங்கினை உண்ணலாமெனத் தன் விதியைத் தளர்த்துகின்றான். இங்கோசிக்கு 750 சொற்கள் இருந்தும், எதிரியை ஓரடியேனும் இணங்கவைக்கும் இத்தகைய மறுமொழி ஒன்றும் எழுதப்படவில்லை.