குதிக்கால் சுவிட்ச்

கண்டியில் ஏறாமல் இறங்காமல் நடக்க வேண்டுமென்றால் வாவிக்கரைக்குத்தான் போகவேண்டும். மற்றதெல்லாம் ஏற்றமும் படிக்கட்டும். பாரிசவாதத்தில் முன்பாதம் தொங்கிப்போனவருக்குப் படிக்குப் படி பெருவிரல் இடறும். திகன புனர்வாழ்வு வைத்தியசாலை போன்ற இடங்களில் நடையை மீட்கப் பாடுபடுவது இப்படிப்பட்டவர்களுக்காகவும்தான்.

இப்படித் தொங்கும் பாதத்தைத் தூக்க மருத்துவர் லிபர்சனும் சகாக்களும் 1961இல் அறிவித்த கருவி எனக்கு மிகவும் பிடித்தது. சப்பாத்துக்குள் குதிக்காலடியில் ஒரு சுவிட்ச்; முழங்காலுக்குக் கீழே, வெளிப்பக்க எலும்பு முண்டுக்கு அருகே ஒரு மின்வாய். குதிக்கால் உயர்ந்ததும் அங்குள்ள நரம்பில் மின்துடிப்பு பாயும், பாதம் நிமிரும். குதிக்கால் பதிந்ததும் நின்றுவிடும். அவ்வளவுதான்! (அந்த நரம்பு பழுதாகாதவருக்கு மட்டும்.)

எவ்வளவு மின்சாரம் என்பதில்தான் சிக்கல். உடல் தானாக இயங்கும்போது சிறு தசையிழைகள் முதலில் எழும், பெரியவை பிறகு. வெளியிலிருந்து வரும் துடிப்புக்கு அந்த வரிசைமுறை தெரியாது. அதே இழைகளை ஒரே நேரத்தில் திரும்பத் திரும்ப வேலை வாங்கும். தசை சீக்கிரம் களைத்துவிடும். அதனால்தான் தசைக்கு ஒரு கணித மாதிரி தேவைப்படுகிறது. தவளைத் தசையை ஆராய்ந்து உடலியலாளர் ஏ.வி. ஹில் 1938இல் தந்த சமன்பாடு, வேகமாகச் சுருங்கும் தசைக்கு இழுவிசை குறைவு என்கிறது. இன்றும் பல மாதிரிகளுக்கு அதுவே அடித்தளம். அதோடு தசையின் நீளத்தையும் களைப்பையும் சேர்த்தால், அடுத்த அடிக்குத் துடிப்பை எவ்வளவு கூட்டுவது என்று கணிக்கலாம். எண்கள் ஆளுக்கு ஆள் மாறும். ஒரே ஆளுக்குக் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று.