வலது இருக்கையிலிருந்து

என் நண்பரிடம் ஒரு செஸ்னா 172 இருக்கிறது. எழுபதுகளில் தயாரானது, நான்கு இருக்கை, 150 குதிரைத்திறன் உள்ள நான்கு சிலிண்டர் இன்ஜின், தலைக்கு மேலே இறக்கை. கலிபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவை ஒட்டிய ஒரு சின்ன விமான நிலையத்தின் தகரக் கொட்டகையில் நிற்கிறது. சனிக்கிழமைகளில் அவர் இடது இருக்கையிலும் நான் வலது இருக்கையிலும் உட்கார்ந்து எங்காவது போய் மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு திரும்புவோம். எனக்கு விமானம் ஓட்டத் தெரியாது. ஓட்டுவதை ரசிக்கத் தெரியும். பல வருடம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில் நல்ல கைக்கும் சுமாரான கைக்கும் உள்ள வித்தியாசம் பிடிபட்டிருக்கிறது. எல்லாம் ஒழுங்காக நடக்கும் நாளில் அது தெரியாது. ஏதோ ஒன்று லேசாகக் கெட வேண்டும்; அப்போது தெரியும்.

செஸ்னா 172 பார்வைக்குப் பெரிய அழகி இல்லை. 1956-ல் விற்பனைக்கு வந்து, இடையில் பத்து வருடம் உற்பத்தி நின்று, மறுபடி தொடங்கி, இதுவரை 44,000-க்கு மேல் செய்திருக்கிறார்கள். வேறெந்த விமானமும் இத்தனை எண்ணிக்கையைத் தொட்டதில்லை. அதன் பொறுமைதான் காரணம் என்பேன். ராபர்ட் டிம், ஜான் குக் என்ற இருவர் 1958 டிசம்பரில் லாஸ் வேகஸிலிருந்து ஒரு 172-ஐக் கிளப்பினார்கள். இறங்கியது 1959 பிப்ரவரியில். 64 நாள், 22 மணி, 19 நிமிடம். பாலைவனச் சாலையில் ஓடும் லாரிக்கு நேர்மேலே தாழப் பறந்து, குழாய் வழியாகப் பெட்ரோல் ஏற்றிக்கொண்டார்கள். அந்தச் சாதனையில் எனக்குப் பிடித்த பகுதி அதன் பழுதுப் பட்டியல். ஜெனரேட்டர் போனது, ஆட்டோபைலட் போனது, ஹீட்டர் போனது, விளக்குகள் போயின. கடைசியில் சிலிண்டர்களில் கரி படிந்து இன்ஜினின் பலமே இறங்கிவிட்டது. ஒவ்வொன்றாக இழந்துகொண்டே, மிச்சமிருப்பதை வைத்து ஓட்டினார்கள். அந்த விமானம் லாஸ் வேகஸ் விமான நிலையத்தில் இன்னும் கூரையிலிருந்து தொங்குகிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் சூட்கேஸைத் தேடுவதற்கு முன் அண்ணாந்து பார்க்கலாம்.

நண்பர் விமானத்தைச் சுற்றி வருவதிலிருந்தே ரசனை தொடங்குகிறது. இறக்கையின் அடியில் ஒரு சின்ன வடிகால் உண்டு. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குப்பியை அதில் அழுத்தினால் டாங்கியின் அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோல் வரும். சிறிய விமானங்களுக்கான அந்தப் பெட்ரோலுக்கு நீலச் சாயம் போட்டிருப்பார்கள். தண்ணீர் கனமானது என்பதால் அடியில் தங்கும். குப்பியின் அடிப்புறத்தில் நிறமில்லாத முத்துகளாக உருளும். பலர் குப்பியை வானத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பார்கள். நண்பர் அப்படிச் செய்வதில்லை. விமானத்தின் வெள்ளை உடம்புக்கு எதிரே பிடிப்பார். நீல வானத்தின் முன்னால் எதுவும் நீலமாகத்தான் தெரியும். குப்பி முழுக்கத் தண்ணீராகவே இருந்தாலும் கண் ஏமாந்துவிடும். மழைக்குப் பிறகான ஒரு காலையில் அப்படிச் சில முத்துகள் உருண்டன. மூடியின் பழைய ரப்பர் வழியே ஈரம் இறங்கியிருக்க வேண்டும். இறக்கையைப் பிடித்து மெல்ல ஆட்டினார், காத்திருந்தார், மறுபடி வடித்தார். சுத்தமாக வந்த பிறகும் இன்னொரு குப்பி. அந்த இன்னொரு குப்பிக்காகத்தான் அவரோடு பறக்கிறேன்.

அடுத்தது ஓடுபாதைக்கு வெளியே நின்று இன்ஜினை முறுக்கிப் பார்க்கும் நேரம். விமான இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக். அவற்றுக்குத் தனித்தனியாகத் தீப்பொறி கொடுக்க இரண்டு மேக்னட்டோ. பேட்டரி செத்தாலும் இன்ஜின் நிற்காமல் ஓடுவது இவற்றால்தான். நிமிடத்துக்கு 1,700 சுற்றில் வைத்து, சாவியைத் திருப்பி ஒன்றை நிறுத்திப் பார்க்க வேண்டும். சுற்று கொஞ்சம் இறங்கும். 125-க்கு மேல் இறங்கக் கூடாது. போன மாதம் வலது மேக்னட்டோவை மட்டும் வைத்துப் பார்த்தபோது முள் சரசரவென்று இறங்கி, விமானம் முழுக்கக் குலுங்கியது. பிளக் ஒன்றில் ஈயம் படிந்திருக்கிறது என்பது அவருக்கு உடனே தெரிந்தது. நீலப் பெட்ரோலில் ஈயம் உண்டு. கலவையில் பெட்ரோலைக் குறைத்து, சுற்றைக் கூட்டி, கொஞ்ச நேரம் சூட்டில் எரியவிட்டார். பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும். அன்று ஆகவில்லை. டவரிடம் சொல்லிவிட்டுக் கொட்டகைக்குத் திருப்பினார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

அமெரிக்க விதிகள் இதில் ஒரு நல்ல காரியம் செய்திருக்கின்றன. சொந்த விமானம் வைத்திருக்கும் பைலட், மெக்கானிக்கின் கையெழுத்து இல்லாமலே சில பராமரிப்பு வேலைகளைச் செய்துகொள்ளலாம்: எண்ணெய் மாற்றுவது, டயர் மாற்றுவது, பிளக்கைச் சுத்தம் செய்வது. பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். நண்பர் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, கீழ் பிளக்குகளைக் கழற்றினார். ஒன்றின் வாயில் சாம்பல் நிறத்தில் மிளகு அளவு ஈயக் குண்டு. கூரான கம்பியால் நெம்பி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஒரு விமானத்தையே நிறுத்திவைக்க அது போதும். அன்று நாங்கள் பறக்கவில்லை. ஆனாலும் நல்ல சனிக்கிழமைகளில் அதுவும் ஒன்று.

பிளக் என்றால் ஜே.ஆர்.டி. டாட்டா நினைவுக்கு வராமல் போகாது. இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே தனியாகப் பறந்து கடக்கும் முதல் இந்தியருக்கு ஆகா கான் 500 பவுன் பரிசு அறிவித்திருந்தார். 1930-ல் ஜே.ஆர்.டி. தன் ஜிப்ஸி மாத் விமானத்தில் கராச்சியிலிருந்து கிளம்பினார். ஆஸ்பி இன்ஜினியர் என்ற இளைஞர் இங்கிலாந்திலிருந்து எதிர்த்திசையில் வந்துகொண்டிருந்தார். எகிப்தின் அபூகிரில் இறங்கிய ஜே.ஆர்.டி., அங்கே பிளக் கிடைக்காமல் மாட்டிக்கொண்டு நின்ற ஆஸ்பியைப் பார்த்தார். தன்னிடமிருந்த உபரியை எடுத்துக் கொடுத்தார். ஆஸ்பி முந்திப்போய்ப் பரிசை வென்றார். பின்னாளில் இந்திய விமானப் படையின் தளபதியும் ஆனார். 1932-ல் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானம் ஓட்டி இந்திய விமானப் போக்குவரத்தைத் தொடங்கிவைத்த ஜே.ஆர்.டி.யைவிட, போட்டியாளனுக்கு பிளக் எடுத்துக் கொடுத்த ஜே.ஆர்.டி. எனக்கு நெருக்கமானவர். (அந்தத் தபாலை பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்து சேர்த்தவர் நெவில் வின்சென்ட்.)

கோடையில் கடற்கரையோரம் காலை நேரத்தில் மேகம் தரைக்குப் பக்கத்தில் வந்து படுத்துக்கொள்ளும். மீன் சாப்பிட ஹாஃப் மூன் பே போகலாம் என்று கிளம்பினோம். மலைத்தொடரைத் தாண்டியதும் கீழே பஞ்சுப் பாய்தான், ஓடுபாதை எங்கோ அதற்கடியில். நண்பர் ஒரு வட்டம்கூடப் போடவில்லை; திருப்பிவிட்டார். இன்னும் பத்து நிமிடம் சுற்றிப் பார்க்கலாமே என்ற ஆசை எந்தப் பைலட்டுக்கும் வரும். அந்த ஆசைக்கு அவர் இடம் கொடுத்து நான் பார்த்ததில்லை.

இன்னொரு முறை, கடலையொட்டித் தெற்கே போகும்போது, பேச்சுக்கு நடுவில் கையைத் தூக்கி, "கொஞ்சம் பொறுங்க" என்றார். எனக்கு ஒன்றும் வித்தியாசமாகக் கேட்கவில்லை. முள் 2,400-லிருந்து 2,300-க்கு நழுவியிருந்தது; அவர் எதையும் தொடவில்லை. கார்புரேட்டருக்குள் பனி பிடிக்கிறது. வெளியே குளிர்கூட இல்லை. ஆனால் பெட்ரோல் ஆவியாகும்போது சுற்றியுள்ள சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். கல்யாண வீட்டில் பெரிய அடுப்புக்குப் போட்ட கேஸ் சிலிண்டர் வெளியே வியர்த்து ஜில்லென்று ஆவதும் இதே காரணத்தால்தான். காற்றில் ஈரம் இருந்தால், இதமான வெயில் நாளிலும் இன்ஜினின் தொண்டையில் பனி அடைத்துவிடும். சூடான காற்றை உள்ளே விட ஒரு குமிழ் இருக்கிறது. அதை இழுத்தார்.

இங்கேதான் கை தெரிகிறது. குமிழை இழுத்ததும் நிலைமை முதலில் மோசமாகும். சூடான காற்று லேசானது, அதனால் சுற்று இன்னும் இறங்கும். உருகிய பனி தண்ணீராக இன்ஜினுக்குள் போக, அது இருமும், உதறும். கீழே பசிபிக் கடல். பயந்தவர் குமிழைத் திரும்பத் தள்ளிவிடுவார். பனி அங்கேயே இருக்கும். நண்பர் குமிழைப் பிடித்தபடியே முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடது கை மட்டும் விமானத்தின் மூக்கைக் கரைப் பக்கமாக, யாரும் கவனிக்காத அளவுக்கு மெல்லத் திருப்பியது. இருமல் நின்றது. முள் ஏறத் தொடங்கியது. குமிழை உள்ளே தள்ளியதும் பழைய 2,400. "என்ன சொல்லிட்டிருந்தீங்க?" என்றார்.

சொந்த விமானம் வைத்திருப்பதன் லாபம் இதுதான். வாடகை விமானத்தில் அந்த நூறு சுற்று நழுவியதை யாரும் ஒரு சங்கதியாக நினைத்திருக்க மாட்டார்கள். தன் விமானத்தின் வழக்கம் தெரிந்தவருக்குத்தான் வழக்கத்திலிருந்து விலகுவது கேட்கும்.

இந்தக் காதும் மூக்கும் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு ஜெர்ரி மாக் சாட்சி. ஓஹையோவில் மூன்று குழந்தைகளோடு குடும்பம் நடத்திய பெண்மணி. 1964-ல், 38 வயதில், தன் குடும்பத்துக்குப் பங்கிருந்த பழைய செஸ்னா 180-ஐத் தனியே ஓட்டி உலகைச் சுற்றினார். அதைச் செய்த முதல் பெண் அவர்தான். கராச்சி, டெல்லி, கல்கத்தா எல்லாம் அவர் வழியில் உண்டு. இருக்கைகளைக் கழற்றிவிட்டுப் பெட்ரோல் டாங்கிகளை வைத்திருந்தார்கள். லிபியப் பாலைவனத்தின் மேலே எதுவோ தீயும் வாடை. ஆன்டெனாவைச் சுற்றும் மோட்டார் நிற்காமல் ஓடிச் சூடேறியிருந்தது, பெட்ரோலுக்குப் பக்கத்தில். ஸ்விட்சைக் கண்டுபிடித்து அணைத்துவிட்டு மேலே போனார். கெய்ரோ என்று நினைத்து இறங்கிய இடம் எகிப்து ராணுவத்தின் விமானத் தளம். அதையும் பேசிச் சமாளித்து மறுபடி கிளம்பினார். 29 நாளில் ஊர் திரும்பினார். அவருடைய பயணத்தை வீரசாகசமாகச் சொல்வது வழக்கம். எனக்கு அது ஒன்றன்பின் ஒன்றாகச் சரியான ஸ்விட்சை அணைத்த கதை.

எங்கள் பயணங்களில் அண்மையில் நீளமானது கேட்டலினா தீவுக்குப் போனது. லாஸ் ஏஞ்சலஸ் கரைக்கு எதிரே இருக்கும் தீவு. ஒற்றை இன்ஜின் விமானம் கடலைத் தாண்டும்போது உயரம்தான் காப்பு. 172 இன்ஜின் நின்றாலும் ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ ஒன்றரை கடல் மைல் மிதந்து போகும். ஏழாயிரம் அடிக்கு மேலே போனால், நடுக்கடலிலிருந்தும் ஏதாவது ஒரு கரையை எட்டிவிடலாம். நண்பர் அந்தக் கணக்கை முதல் நாள் இரவே போட்டுவைத்திருந்தார். தீவின் ஓடுபாதை 1,602 அடி உயரத்தில், மலையுச்சியைச் சமன் செய்து போட்டது. நீளம் 3,000 அடி. இரு முனையிலும் சரிவு. நாங்கள் இறங்கிய பக்கத்திலிருந்து பாதை மேட்டேறுகிறது. சக்கரம் பதிந்ததும், எதிரே பாதை சட்டென்று முடிந்து வானம் தொடங்குவதாகக் கண் சொல்லும். பதறிப்போய் பிரேக்கில் நின்று டயரைத் தேய்த்துக்கொண்டவர்கள் உண்டு. நண்பர் விமானத்தை அதன் போக்கில் மேடேற விட்டார். உச்சியில் மிச்சப் பாதை தானாக விரிந்தது. உணவகத்தில் காட்டெருமை பர்கர் சாப்பிட்டோம். 1924-ல் ஒரு சினிமாவுக்காகக் கொண்டுவந்து விட்ட மந்தையின் வம்சம் இன்னும் தீவில் மேய்கிறது.

திரும்பும்போது, சக்கரம் தரையை விட்ட அந்த நொடியில் என் பக்கக் கதவு பட்டென்று திறந்துகொண்டது. தாழ் பழசு. காற்று இரைந்து காதை அடைத்தது, வரைபடம் படபடத்தது. இந்தக் கதவு இரண்டு விரற்கடைக்கு மேல் திறக்காது. காற்றே அதை அமுக்கிவைத்திருக்கும். ஆபத்து, கதவை மூடப் போய் விமானத்தை மறப்பதில்தான் இருக்கிறது. நண்பர் கதவுப் பக்கம் திரும்பவே இல்லை. "இருக்கட்டும்" என்றார். போதுமான உயரம் ஏறி, சமப்படுத்தி, வேகத்தைக் குறைத்து, தன் ஜன்னலைத் திறந்து உள்ளே இருந்த அழுத்தத்தை விட்ட பிறகு, "இப்ப இழுங்க" என்றார். சாத்திக்கொண்டது.

அன்று மாலை எங்கள் ஊரில் குறுக்குக் காற்று. 12 நாட், இடப்பக்கத்திலிருந்து. இடையிடையே ஒரு வீச்சு. நான் விரும்பிப் பார்ப்பது இந்த இறக்கம். தூரத்தில் வரும்போது விமானம் காற்றுக்கு மூக்கைக் கொடுத்து ஒருக்களித்தே வரும்; என் பக்க ஜன்னலில் ஓடுபாதை தெரியும். தரை நெருங்கியதும் அவர் வலது கால் அழுந்த, மூக்கு பாதையின் நடுக்கோட்டுக்கு வந்தது. அதே மூச்சில் இடது இறக்கை காற்றின் பக்கம் தாழ்ந்தது. கையும் காலும் எதிரெதிராக வேலை செய்ய, விமானம் சாய்ந்தபடியே நேராகப் போனது. வீச்சு வரும்போது இன்னும் கொஞ்சம் சாய்வு, போனதும் கொஞ்சம் குறைவு. இடது சக்கரம் கீச்சென்றது. ஒற்றைச் சக்கரத்தில் ஒரு கணம். பிறகு வலது. மூக்குச் சக்கரத்தை அவர் அவசரப்பட்டு இறக்கவில்லை. அது தானாகக் களைத்து இறங்கியது.

இறங்கியதும் தடதடவென்று உதறியது. அந்த உதறலை அடக்க ஒரு சின்ன எண்ணெய்க் குழல் உண்டு. எண்ணெய் கசிந்துவிட்டால் சக்கரம் ஆட ஆரம்பிக்கும். கைப்பிடியை வயிறுவரை இழுத்து மூக்கின் பாரத்தைக் குறைத்தார், ஆட்டம் நின்றது. கொட்டகைக்குள் தள்ளிய பிறகு டார்ச்சோடு முன்பக்கம் குனிந்து பார்த்தோம். குழலின் ஓரத்தில் செம்மண் நிறத்தில் எண்ணெய் ஈரம். ரப்பர் வளையம் போயிருக்கிறது. மெக்கானிக்குக்கு ஃபோன் போட்டார். அடுத்த சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வருகிறாராம். கதவுத் தாழையும் அன்றைக்கே மாற்றிவிடலாம் என்று முடிவாயிற்று.